அம்பு வடக்கு நோக்கிய கல்

“கல் நல்ல நிலையில் உள்ளது. அம்பு வடக்கு நோக்கி உள்ளது. இடம் நீர்மட்டத்தை ஒட்டியது. காவலர் நம்பத்தக்கவர். மார்ச் 4.”

இலங்கையில் புத்தளத்துக்கு அப்பால், எத்தாளைக் கடற்கரையில் ஒரு தலைமுறைக்கு முன் நட்ட அளவைக் கல்லைப் பற்றிப் பழைய பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான். ஆண்டு எழுதியிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. தேதிகளைத் தேடிப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. நாளும் மாதமும் இருந்து ஆண்டு இல்லாத குறிப்பு, பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் போல என்னை வேறு வேலை செய்யவிடாது. ஆகவே 1938 பெப்ரவரியில், “அந்தக் கல்லைப் பார்க்க வருகிறாயா?” என்று பெல்டன் துரை கேட்டபோது, நடுவில் கடல் இருக்கிறது என்பதைக்கூட யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

சென்னையில் நான் அளவை அலுவலகத்தில் எண்களைப் படியெடுக்கும் குமாஸ்தா. துரையிடம் சீமையிலிருந்து வந்த புதுக் கருவி ஒன்று இருந்தது. பூமி நம்மை இழுக்கும் இழுப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவல்ல. இடத்துக்கு இடம் மயிரிழை மாறும். அந்த மயிரிழையை அளப்பது இதன் வேலை. உள்ளே ஒரு சுருள்வில், அதில் தொங்கும் சிறிய எடை, மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு குழாய். இழுப்பு கூடினால் வில் துளி நீளும். எத்தனை கோடு நீண்டது என்று எண்ண வேண்டும். ஆனால் ஒரு கோடு என்பது எவ்வளவு இழுப்பு என்று கருவி சொல்லாது. தராசைச் சோதிக்கப் படிக்கல் வேண்டியிருப்பதுபோல, இழுப்பு முன்பே தெரிந்த இடங்களில் வைத்துத்தான் இதைச் சோதிக்க முடியும். எங்களுக்குப் படிக்கல்லாக மூன்று இடங்கள் இருந்தன: கொழும்பு, சிலாபம், எத்தாளை. முந்தைய காலத்துத் துரை ஒருவர் வாரக்கணக்கில் ஊசலை ஆட்டி அங்கெல்லாம் அளந்து வைத்திருந்தார்.

பெல்டன் துரையின் மேலதிகாரிக்கு இந்தப் பெட்டியில் நம்பிக்கை இல்லை. மூன்று இடமும் ஒத்துவராவிட்டால் பெட்டி அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. அதை வரவழைக்க மூன்று வருடம் கெஞ்சிய துரையும் பழையபடி நிலப்படம் வரையப் போக வேண்டும். இதைக் கப்பலிலேயே சொன்னார். சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார். கடல்தான் காரணம் என்று அன்று எழுதி வைத்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பெப்ரவரி 8, செவ்வாய். கொழும்பு முடிந்து சிலாபம். எண்கள் ஒத்துப்போயின. துரை சீட்டியடித்தார்.

காலையில் கடைக்காரர் என் முன் ஒரு ரொட்டியை வைத்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ரொட்டி காய்ச்சல்காரனுக்குத்தான். இங்கே அதைப் பாண் என்று சொல்லி, உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்கள் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஒரு சம்பல். நான் சைவம் என்பதை எங்கள் லொறி ஓட்டி மார்சலினிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் சிலாபத்துக் கத்தோலிக்கர். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறிச் சிங்களத்தில் இறங்குபவர்.

“இதில் மீன் இல்லையே?”

“சீச்சீ, மீன் ஒண்டும் இல்ல ஐயா. வெறும் சம்பல். பயப்படாமச் சாப்பிடுங்க.”

பயப்படாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு சுவையை எங்கள் ஊர்த் துவையல் எட்டியதில்லை.

பெப்ரவரி 9, புதன். கருவியை லொறியில் நான்கு தும்புக் கயிறுகளில் தொங்கவிட்டு, சுற்றிலும் தலையணை அடைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எப்போதும் ஒரே சூடு இருக்க வேண்டும், அதற்கு மின்கலங்கள். சனிக்கிழமை மாலைக்கு மேல் அவை தாங்கா. ஆகவே துரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கலத்தைப் பார்த்தார். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துரையைப் பார்த்தேன்.

மதுரங்குளியில் தேநீருக்கு நிறுத்தினோம். கடையில் இருந்த முஸ்லிம் வியாபாரிகள் லொறியைச் சுற்றி வந்தார்கள்.

“என்ன மச்சான் இது, தொட்டிலா?” என்றார் ஒருவர்.

“ஓம்,” என்றார் மார்சலின். “சின்னத் தொர நித்திரை. மெதுவாக் கதைங்க.”

கடை அப்படியே அடங்கிவிட்டது. தேநீர் ஆற்றுகிறவர் உயரத்திலிருந்து ஊற்றுவதை விட்டுக் கிளாசோடு கிளாசை ஒட்டி ஊற்றினார். எங்கள் ஊராக இருந்தால் நாலு பேராவது துணியை விலக்கி, பிள்ளை யார் சாடை என்று பார்த்திருப்பார்கள். இங்கே புறப்படும்போது ஒருவர் ஒரு பொட்டலம் கற்கண்டை என்னிடம் நீட்டி, “எழும்பினாக் குடுங்க,” என்று கிசுகிசுத்தார். அதை வழியில் துரை சாப்பிட்டார்.

கற்பிட்டிப் பாதையில் லொறி மணலில் அச்சுவரை புதைந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஓலை வெட்டிச் சக்கரத்தின் கீழ் போட்டு, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மதுரங்குளிச் செய்தி எங்களை முந்திக்கொண்டு வந்திருக்க வேண்டும். தள்ளும்போது ஒருவரும் சத்தம் போடவில்லை.

பெப்ரவரி 10, வியாழன். எத்தாளை. கல்லின் காவலர் காசிம் வாசலிலேயே காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சலவைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு தகரக் குழல். அதற்குள் முந்தைய துரை அவருடைய தகப்பனாருக்கு எழுதிக் கொடுத்த காகிதம். அடியில், பின்னால் வந்து பார்த்துப் போன இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து. மூன்றாவதற்கு இடம் விட்டிருந்தது. அந்தக் காகிதத்தால் ஊரில் அவர் வீட்டுக்குக் கல்லு வீடு என்றே பெயர். சுவர் மட்டும் ஓலைதான்.

“வாப்பா பாத்தார், இப்ப நான் பாக்குறன்,” என்றார். “வருசா வருசம் சுண்ணாம்பு. ஆடு, மாடு, கழுத, ஒண்டையும் அண்ட உடமாட்டன் தொர.”

கல் அவர் வளவின் ஓரத்தில், ஒரு மணல்மேட்டின் உச்சியில் இருந்தது. இடுப்புயரம், கல்யாணப் பந்தல் தூணைப்போல வெள்ளை. மேலே செதுக்கிய அம்புக்கு நீலம் தீட்டியிருந்தது. இதைவிட நன்றாகப் பராமரித்த அரசாங்கச் சொத்தை நான் பார்த்ததில்லை. துரை அதன்மேல் கருவியை வைத்து, வெயில் படாமல் சிறு கூடாரம் அடித்து, குழாயில் கண்ணை வைத்தார். நான் எண்களை எழுதினேன்.

ஒத்துவரவில்லை. இழுப்பு பழைய எண்ணைவிடக் குறைவாக இருந்தது.

மறுபடி பார்த்தபோது கோடு துள்ளியது. கூடாரத்துக்கு வெளியே ஒரு கழுதை கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. காசிம் அதை விரட்டினார். அது போய் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. மாலைவரை துரை குழாயோடும் காசிம் கழுதைகளோடும் போராடினார்கள். கழுதை இல்லாத நேரத்திலும் எண் குறைவாகவே வந்தது.

பெப்ரவரி 11, வெள்ளி. விடிந்ததிலிருந்து ஏழு தடவை. ஏழும் ஒரே எண். ஏழும் பிழை.

மத்தியானம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த காசிம், எங்களை வீட்டு வாசலில் உட்காரவைத்து, வட்டிலப்பம் என்ற இனிப்பும் எனக்கென்று தனியாகச் சோறும் மரக்கறியும் சம்பலும் கொண்டுவந்தார். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் விசாரித்தது: “கிளாக்கர் ஐயாவுக்கு மாசி கூடப் போடவா?”

“மாசி என்றால்?” என்றேன்.

“மாலதீவுல இருந்து வாறது. சூறை மீனக் காயவெச்சு இடிச்சு…” என்று தொடங்கினார் காசிம்.

நான் மார்சலினைப் பார்த்தேன்.

“அது மீன் இல்ல ஐயா,” என்றார் மார்சலின் அமைதியாக. “மாசி.”

திரைக்குப் பின்னாலிருந்தும் அதே தீர்ப்பு வந்தது: “மீன் வேற, மாசி வேற.” இந்தக் கரையில் மதம் மொழி கடந்து எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான்கு நாளாக வேளை தவறாமல் நான் சாப்பிட்டது என்ன என்பது விளங்கிவிட்டது. அன்று அந்தச் சம்பலைத் தொட்டேனா இல்லையா என்பதை மட்டும் நாட்குறிப்பில் எழுதவில்லை. என் குறிப்புகளில் உள்ள ஒரே இடைவெளி அது.

துரை சாப்பிடவில்லை. மேலதிகாரிக்குத் தந்தி எழுதிக்கொண்டிருந்தார். “கருவி நம்பத்தக்கதல்ல. திருப்பி அனுப்புகிறேன்.” எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதினார். பிறகு கூடாரத்தைப் பிரிக்கவும் கருவியைக் கல்லிலிருந்து இறக்கவும் என்னிடம் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். மார்சலின் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லொறிக்குத் தண்ணீர் ஊற்ற அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

பிற்பகல், அசர் தொழுகை வேளை. கீழே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மேடேறி வந்தார். கைகால் கழுவியிருந்தார்.

“ஐயா, இந்தப் பெட்டியக் கொஞ்சம் அங்கால எடுங்க. ரெண்டு நாளா அம்பு தெரியல. ஒரு குத்துமதிப்பாத்தான் தொழுதம்.”

“எந்த அம்பு?”

“கல்லு அம்புதான். அதப் பாத்துத்தானே நிக்கிறது.”

கூடாரத்தைப் பிரித்து, கல்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். அவர் மணலில் துண்டை விரித்து, கல்லின் அம்பு காட்டிய பக்கம் நோக்கி நின்றார். இறங்குகிற சூரியன் அவருடைய இடது கன்னத்தில் பட்டது. அவர் மக்காவை நோக்கி நிற்கிறார், சரி. ஆனால் என் கையில் இருந்த பதிவேட்டின்படி அந்த அம்பு வடக்கே அல்லவா பார்க்க வேண்டும்?

திசைகாட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். வடக்கு எங்கோ என் வலது பக்கத்தில், கழுதைகள் நின்ற இடத்தில் இருந்தது.

காசிமை அவர் வீட்டு வாசலுக்குத் தனியே கூட்டிப்போனேன். “இந்தக் கல் முதலில் வடக்கே பார்த்துத்தானே இருந்தது?”

அவர் திருப்பிக் கேட்டார்: “ஆரு சொன்ன?”

“பதிவேடு.”

“ஓம். வடக்கதான் பாத்துக் கெடந்திச்சி. பிழையாக் கெடந்திச்சி. வாப்பாதான் திருத்தினார்.”

“திருத்தினாரா?”

“அம்பெண்டா அது கிப்லாவத்தானே காட்டணும்? வெட்டின ஆளு பிழை உட்டுட்டான் எண்டு நெனச்சார். பள்ளிவாசல் சுவருக்குச் சரியாக் கயிறு புடிச்சி வெச்சது. அளவு தப்பாது.”

“சரி. திருப்பினது இந்த இடத்திலேயேதானே?”

இதற்குப் பதில் சொன்னது திரை.

“மறைக்காமச் சொல்லுங்களேன்,” என்றார் அவர் மனைவி. “அல்லாஹ்வுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கழுதைக்கும் தெரியும். தொரைக்கு மட்டும் தெரியாமப் போகணுமா?”

“நீ சும்மா இரி. அரசாங்கக் கல்லத் தூக்கினா மறியல்.”

இங்கே மறியல் என்றால் சிறை. எங்கள் ஊரில் மறியல் செய்துவிட்டுத்தான் சிறைக்குப் போவார்கள். இவர்கள் நடுவில் உள்ள ஒரு படியை மிச்சப்படுத்திவிட்டார்கள். யாரையும் எங்கும் அனுப்ப மாட்டார்கள் என்று நான் துரையைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன். காசிம் பெருமூச்சு விட்டுச் சொன்னார். கல் முதலில் கீழே கடற்கரையில் நின்றது. கல்லுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று அந்தக் காலத்துத் துரை அவருடைய வாப்பாவிடம் சொல்லிப் போனார். ஒரு வருடம் கடல் ஏறியது. வாப்பா கரைவலைக்காரர்களைக் கூட்டி, கயிறும் மரமும் கொடுத்து, பன்னிரண்டு பேராகக் கல்லைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு வந்த இரண்டு அதிகாரிகளும் மேட்டிலேயே கல்லைப் பார்த்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள்.

இதைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். தரையிலிருந்து உயரே போகப் போக பூமியின் இழுப்பு குறையும். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காவது மேலே வைத்துக்கொண்டு, குறைகிறதே குறைகிறதே என்று இரண்டு நாளாக நாங்கள் அழுதிருக்கிறோம். கருவி இரண்டு நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

“எனக்கு வேண்டியது கல் அல்ல, அது இருந்த இடம். இதை அவர்களுக்கு யாருமே சொல்லவில்லையா?” என்றார் துரை.

காசிம் குழலிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். “இதில கல்லு எண்டுதான் எழுதியிருக்கு. கல்லக் கடலுக்குக் குடுத்துட்டு வெறும் எடத்தையா தொரைக்குக் காட்டுறது?”

வாங்கிப் படித்தோம். கல் என்றுதான் இருந்தது.

“அந்த இடம் இப்போது தெரியுமா?”

“கடல் வந்து போன எடம் தொர. மணலெல்லாம் ஒரே மாதிரித்தான்.”

“அடியில சின்னக் கல்லொண்டு கெடந்திச்சே,” என்றது திரை. “அதையும் சொல்லுங்க.”

துரைக்கு அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் மண்வெட்டி கேட்டார். மேலே உள்ள கல் போனாலும் இடம் போகாதிருக்க, அடியில் ஒரு கல்லைப் புதைப்பது அளவைக்காரர்களின் வழக்கம். அதை ஏன் தூக்கவில்லை என்று காசிமிடம் கேட்டேன்.

“அதுக்குக் காயிதம் இல்லையே,” என்றார்.

பெப்ரவரி 12, சனி. மின்கலங்களின் கடைசி நாள். காசிமின் மனைவி குடையும் முக்காடுமாகத் தானே கரைக்கு இறங்கி வந்து இடத்தைக் காட்டினார். கருவாட்டுப் பாய் விரிக்க முளை அடிக்கும்போதெல்லாம் அவருக்கு ஓரிடத்தில் மட்டும் முளை இறங்காதாம். காசிமுக்கு அது தெரியாது. பாய் விரிப்பது அவர் வேலையல்ல. கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்து தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு சதுரக் கல், நடுவில் செப்பு ஆணி. துரை குழிக்குள் இறங்கித் தொப்பியால் மணலைத் துடைத்தார்.

கருவியை அங்கே இறக்கினோம். கரைவலை இழுத்தால் நிலம் அதிரும் என்பதால் வலை நின்றது. கழுதைகளை ஒருவர் தென்னந்தோப்புக்கு ஓட்டிப் போனார். கரை முழுவதும் பேச்சற்று நிற்க, துரை கண்ணை வைத்தார். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சின்னத் தொர இன்னும் எழும்பல்லையா?” என்று பின்னால் யாரோ கேட்டதற்கு, “உஷ்,” என்றார் இன்னொருவர்.

துரை எண்ணைச் சொன்னார். எழுதினேன். பழைய எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கழித்தேன். பென்சிலின் கூர் அகலம்கூட வித்தியாசம் இல்லை. துரை குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மார்சலின் சட்டைப்பையிலிருந்து தந்தியை எடுத்து, “ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொல்லி, “இது இனி என்னத்துக்கு?” என்று நாலாகக் கிழித்தார். கற்பிட்டித் தபால் கந்தோருக்கு நேற்றே போயிருக்க வேண்டிய தந்தி அது. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் துரை காகிதத்தில் கணக்கிட்டு, எத்தாளையிலிருந்து மக்கா எந்தத் திசை என்று பார்த்தார். மேட்டுக் கல்லின் அம்போடு திசைகாட்டியை வைத்தார். கயிறு பிடித்து வைத்த அம்பு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. “கல்லை மறுபடி கீழே கொண்டுவந்து வடக்கே திருப்ப வேண்டுமா?” என்று நான் கேட்டேன். அவர் கரைவலைக்காரர்களைப் பார்த்தார். “அதை இப்போது பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான்,” என்றார்.

பெப்ரவரி 13, ஞாயிறு. மார்சலின் விடியலில் பூசைக்குப் போய் வந்தார். கடற்கரையில் கீழ்க் கல்லின்மேல் புதிதாக ஒரு சிமெந்துக் கல்லை வார்த்துவிட்டோம். மேலே பித்தளை ஆணி மட்டும். அம்பு வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். இனி யாரும் திருத்த வேண்டியிருக்காது.

பிறகு காசிமின் காகிதத்தில் மூன்றாவது கையெழுத்து. காசிம் அதை ஊதி ஊதி உலர்த்தினார். அதன் மேல் ஒரு வரி சேர்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். காகிதத்தில் இல்லாததால்தானே கீழ்க் கல்லை இவர்கள் மதிக்கவில்லை? ஒன்றும் விடுபடக் கூடாது என்பது என் குணம். துரை நான் சொன்னபடியே எழுதினார்: “கடற்கரையில் உள்ள புதுக் கல், அதன் அடியில் உள்ள கல், இரண்டுக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளவும்.”

கருவி திரும்பிப் போகவில்லை. அந்த வருடமே துரை அதோடு தென்னாட்டில் பாதியைச் சுற்றிவிட்டார். மார்ச் 4இன் ஆண்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஓகஸ்டில் மார்சலினிடமிருந்து கடிதம் வந்தது. தென்மேல் காற்றில் எத்தாளையில் கடல் ஏறியதாம். காசிம் ஆட்களைக் கூட்டிப் புதுக் கல்லையும், காகிதத்தில் எழுதியிருந்தபடியே அடிக் கல்லையும் தோண்டி எடுத்து, பத்திரமாக மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம். மூன்று கல்லும் இப்போது வரிசையாக, சுண்ணாம்பு பூசி நிற்கின்றனவாம். புதுக் கல்லில் துரை அவசரத்தில் அம்பு போட மறந்துவிட்டார் என்று காசிமே ஒன்று செதுக்கிவிட்டாராம்.

துரைக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மார்சலின் எழுதவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆகவே பதிவேட்டில் “எத்தாளை, புதுக் கல், அம்பு” என்று எழுதி, எதிரே “சரிபார்க்கப்படவில்லை” என்று குறித்து, தேதியை ஆண்டோடு போட்டு வைத்திருக்கிறேன்.